‘கடுநிலை எதிர்வினை’க்குப் பதிலாக: எலும்புப்புரை டிரிப்புக்குப் பின் வரும் காய்ச்சலுக்கு ஒரு சொல்

அண்ணாச்சிக்கு வணக்கம்.

எலும்புப்புரை டிரிப்புக்குப் பின் வரும் காய்ச்சலையும் வலியையும் ஆங்கிலத்தில் acute phase reaction என்கிறார்கள். அதற்கு நீங்கள் முன்வைத்த ‘கடுநிலை எதிர்வினை’ அகராதிக்குச் சரி. ஆனால் நோயாளி கையில் கொடுக்கும் தாளில் அதைப் போட எனக்கு மனம் வரவில்லை. காரணம் என் சித்தி.

பேட்டையில் இருக்கிறார். எலும்புப்புரைக்கு (எலும்பு மெலிந்து எளிதில் முறியும் நோய்; ஊரில் இதையும் மூட்டுவலியையும் சேர்த்துத் ‘தேய்மானம்’ என்றே சொல்லிவிடுகிறார்கள், அது தனி வழக்கு) ஆண்டுக்கு ஒரு தடவை ஏற்றும் சோலெட்ரானிக் அமிலம் 5 மில்லிகிராம், சென்ற ஆடியில் ஏற்றினார்கள். கால் மணி நேர டிரிப். மறுநாள் ராத்திரி காய்ச்சல், அடித்துப் போட்டாற்போல மேலெல்லாம் வலி. தாளில் ‘தீவிர எதிர்வினை ஏற்படலாம்’ என்று ஒற்றை வரி, வந்தால் என்ன செய்வது என்று இல்லை. இரண்டு மணிக்கு ஆட்டோ பிடித்து ஓடினோம். பாராசிட்டமால் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் நாள் எழுந்து நடமாடினார். இப்போது அடுத்த டிரிப்புக்குக் கூப்பிட்டால், “எனக்கு அது ஒத்துக்கிடாது ஐயா” என்கிறார்.

இந்த ‘ஒத்துக்கிடாது’தான் என் கவலை. எதிர்வினை என்றதும் சனங்கள் ஒவ்வாமை என்று எடுத்துக்கொள்கிறார்கள். இது ஒவ்வாமை இல்லை. மருந்து ஒரு நொதியைத் தடுக்கிறது, அதனால் தேங்கும் பொருள் காமா-டெல்டா டி அணுக்கள் என்கிற ஒருவகை நோய் எதிர்ப்பு அணுக்களை உசுப்பிவிடுகிறது, காய்ச்சல் அங்கிருந்து வருகிறது. அதுவும் முதல் தடவைதான் மும்முரம். 2007-ல் வெளிவந்த பெரிய ஆய்வில் முதல் ஏற்றத்துக்குப் பின் நூற்றுக்கு 32 பேருக்கு இப்படித் தொந்தரவு, இரண்டாவதில் 7 பேர், மூன்றாவதில் 3 பேர்தான்.

ஆகவே ‘முதலேற்றக் காய்ச்சல்’ என்று வைக்கலாமா? பிள்ளைக்குத் தடுப்பூசி போட்ட அன்று மேல் சுட்டால், ஊசி போட்ட காய்ச்சல் என்று தாய்மார் சமாளித்துக்கொள்கிறார்களே, அந்த மாதிரி.

கூடவே ‘முன்மாத்திரை’யும் வேண்டும்: டாக்டர் சொன்னபடி, டிரிப்புக்கு முன்பே தொடங்கிப் போடும் பாராசிட்டமால். நன்றாகத் தண்ணீர் குடித்துவிட்டுப் போவதற்குக் கலைச்சொல் தேவையில்லை.

*

தம்பி, ‘ஏற்றம்’ என்றால் எனக்கு இன்னும் கிணற்றடிதான் கண்ணில் நிற்கிறது. போகட்டும், டிரிப் ஏற்றுவது என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள்.

ஆனால் ‘காய்ச்சல்’ முழுப் பாரத்தையும் தாங்காது. காய்ச்சலே இல்லாமல் மேல்வலியும் தலைவலியும் மட்டும் வருகிறவர்கள் உண்டு. அவர்கள் தாளைப் பார்த்துவிட்டு, நமக்கு வந்தது வேறே ஏதோ என்று பதறினால்? ‘முதலேற்ற மேல்வலிக் காய்ச்சல்’ என்று நீட்டவும் முடியாது. அதனால் தலைப்பில் உமது சொல், கீழே ‘மேல்வலி, தலைவலியும் இதில் சேர்த்தி’ என்று ஒரு வரி. அதை ‘உடல்வலி’ என்று யாரும் திருத்த விடமாட்டேன். மூச்சுத் திணறினாலோ முகம் வீங்கினாலோ அது முதலேற்றக் காய்ச்சல் அல்ல, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்பதையும் போடும்.

அப்புறம், சித்தியின் சீட்டில் யாராவது ‘அலர்ஜி’ என்று எழுதி வைத்திருக்கிறார்களா என்று பாரும். இருந்தால் டிரிப்புக்கு முன்னாலேயே டாக்டரிடம் நடந்ததைச் சொல்லிவிடும்.