சின்ன கம்பெனிக்கு இன்ட்ராநெட் (கம்பெனி ஆட்கள் மட்டும் பார்க்கிற உள் வலைத்தளம்) தேவையா? வைத்துப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

அம்பத்தூர் லேத்
அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்களுடையது சின்ன மெஷின் ஷாப். மூன்று சிஎன்சி (கம்ப்யூட்டர் ஓட்டுகிற மெஷின்), இரண்டு பழைய லேத், மொத்தம் 19 பேர். டிராயிங் எல்லாம் வாட்ஸ்அப் குரூப்பில்தான் போய்க்கொண்டிருந்தது. போன வருஷம் ஒரு ஃபிளாஞ்ச் ஆர்டர். கஸ்டமர் துளையின் அளவை 14 மில்லிமீட்டரிலிருந்து 12 ஆகக் குறைத்துப் புது டிராயிங் அனுப்பியிருந்தார். நானும் குரூப்பில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். அன்றைக்கென்று யாருக்கோ பிறந்தநாள். வாழ்த்தும் கேக் படமுமாக வந்து குவிந்ததில் டிராயிங் எங்கேயோ மேலே போய்விட்டது. நைட் ஷிஃப்ட் பையன் தன் போனில் ஏற்கெனவே இருந்த பழைய பிடிஎஃப்பைத் திறந்து வேலையை முடித்துவிட்டான். 12 போட்டிருந்தால் 14 ஆக்கலாம், 14 போட்டதை என்ன செய்வது? காலையில் போய்ப் பார்த்தால் 160 பீஸ், பளபளவென்று அடுக்கி வைத்திருக்கிறான். எல்லாம் பழைய இரும்பு விலைக்குப் போனது. அவனைத் திட்டவும் வாய் வரவில்லை.

அப்புறம்தான் அக்கா பையன் வந்து, சும்மா கிடந்த ஒரு டெஸ்க்டாப்பில் லினக்ஸும் மீடியாவிக்கியும் போட்டுக் கொடுத்தான். விக்கிப்பீடியா ஓடுகிற அதே மென்பொருள்தான், காசு கிடையாது. மெஷின் பக்கத்தில் ஒரு பழைய மானிட்டர் வைத்தோம். கூலண்ட் கையோடுதான் தொடுவார்கள் என்பதால் கீபோர்டுக்கு பாலிதீன் உறை. ஒரு ஜாபுக்கு ஒரே பக்கம். புது டிராயிங் ஏற்றினால் அதுதான் முன்னால் நிற்கும். யார், எத்தனை மணிக்கு மாற்றினார்கள் என்பதும் பதிவாகிவிடும். தெருவில் பள்ளம் தோண்டி ஃபைபரை அறுத்துவிட்டாலும் எங்களுக்குக் கவலையில்லை, எல்லாம் எங்கள் ரவுட்டருக்குள்ளேயே சுற்றுகிறது. இப்போது ராத்திரி பதினொரு மணிக்கு எனக்கு போன் வருவதில்லை. என் வீட்டுக்காரம்மாவுக்குத்தான் இதில் ரொம்ப சந்தோஷம்.

மாம்பலம் ஆடிட்
எங்கள் ஆடிட்டர் ஆபீஸில் சிஏ பயிற்சிக்கு ஆர்டிகிள் பசங்க வருவார்கள், இரண்டு வருஷத்தில் கிளம்பிவிடுவார்கள். சொல்லிக் கொடுத்ததையே திரும்பத் திரும்பச் சொல்லி எனக்குத் தொண்டை கட்டிவிடும். மாதாமாதம் போடுகிற ஜிஎஸ்டி ரிட்டர்னில் ஜிஎஸ்டிஆர் 1 பதினொன்றாம் தேதி, 3பி இருபதாம் தேதி, எந்த கிளையண்டுக்கு என்னென்ன பேப்பர் கேட்க வேண்டும், எல்லாவற்றையும் உள்பக்கத்தில் எழுதி வைத்தேன். 2025 செப்டம்பர் 22இல் 12, 28 சதவீதத்தை எடுத்துவிட்டு ஜிஎஸ்டியை மாற்றினார்களே, அந்த வாரம்தான் அதன் அருமை தெரிந்தது. ஆளுக்கொரு ஃபார்வர்டு படத்தை வைத்துக்கொண்டு கிளையண்டுக்கு பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நானே அறிவிப்பைப் படித்து ஒரு பட்டியல் போட்டேன். இதைப் பார்த்துத்தான் பேச வேண்டும் என்று சொன்னதும் குழப்பம் அடங்கியது.

ஆனால் ஒன்று. ஒரு பையன் ஆர்வக்கோளாறில் கிளையண்டுகளின் போர்ட்டல் பாஸ்வேர்டை எல்லாம் பொதுப் பக்கத்தில் ஏற்றிவிட்டான். நல்லவேளை, அன்று சாயங்காலமே கண்ணில் பட்டது. பக்கத்தை அழித்து, பாஸ்வேர்டு அத்தனையையும் மாற்றி முடிக்க இரண்டு நாள் ஆனது. யார் எதைப் பார்க்கலாம் என்பதை முதல் நாளே முடிவு செய்துவிடுங்கள்.

வேளச்சேரி ஏசி சர்வீஸ்
எங்கள் கதை கொஞ்சம் சோகம். சர்வர், பேக்கப் ஹார்ட் டிஸ்க், யுபிஎஸ் மூன்றும் தரைத்தளத்தில் ஒரே மேஜைக்கு அடியில் இருந்தன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது, வேளச்சேரி என்ன ஆனது என்று உங்களுக்கே தெரியும். 2015 வெள்ளத்தைப் பார்த்த பிறகும் மேஜைக்கு அடியில் வைத்தேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும். ஐந்து வருஷ சர்வீஸ் ஹிஸ்டரி தண்ணீரோடு போயிற்று. இப்போது கூகுள் சைட்ஸில், அதாவது கூகுளின் சர்வரிலேயே வைத்திருக்கிறோம், கம்பெனி ஐடி இருந்தால்தான் திறக்கும். டெக்னீஷியன் பையன் மொட்டை மாடியில் அவுட்டோர் யூனிட் பக்கத்தில் நின்றுகொண்டே போனில் எரர் கோடு பார்க்கிறான்.

பாரிஸ் கார்னர் பேப்பர் கடை
நாங்கள் ஆறு பேர், ஒரே ரூம். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் திரும்பி உட்கார்ந்து சொல்லிவிடுவேன். சுவரில் ஒரு போர்டு, ஒரு லாங் சைஸ் நோட்டு. இதற்கு எதற்குங்க சர்வர்?

அம்பத்தூர் லேத்
பேப்பர் கடை அண்ணன் சொல்வது நியாயம்தான். கூப்பிட்டால் காதில் விழுகிற தூரத்தில் எல்லாரும் இருந்தால் நோட்டே போதும். எங்களுக்கு ஷிஃப்ட் மாறுவதுதான் பிரச்சினை. பகல் ஆள் போன பிறகுதான் ராத்திரி ஆள் வருவான்.

வேளச்சேரி நண்பரே, உங்கள் பதிவைப் படித்ததும் எழுந்து போய் எங்கள் டெஸ்க்டாப் எங்கே இருக்கிறது என்று பார்த்தேன். தரையில்தான் இருந்தது. லாஃப்டில் ஏற்றியாகிவிட்டது, ஒரு காப்பி வாராவாரம் வீட்டுக்கு வருகிறது.

இன்னொன்று, முதல் இரண்டு மாதம் யாரும் அதைத் தொடவே இல்லை. எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் எழுதியிருந்தேன், தப்பு என்னுடையதுதான். தமிழில் மாற்றி, போட்டோ போட்ட பிறகுதான் எட்டிப் பார்த்தார்கள். போன மாதம் எங்கள் சீனியர் லேத் அண்ணன், டைப் அடிக்கத் தெரியாது, போனில் வாயால் பேசியே ஒரு பக்கம் போட்டிருக்கிறார். பழைய லேத்தில் சக் (பீஸைப் பிடித்துக்கொள்கிற பாகம்) ஆடினால் எந்த போல்ட்டை முதலில் பார்க்க வேண்டும் என்று. 'சக்' வருகிற இடமெல்லாம் 'சர்க்கரை' என்று விழுந்திருக்கிறது. நான் திருத்தவில்லை, பசங்க புரிந்துகொள்கிறார்கள்.