வீசுபனியா, தூற்றுபனியா?

அன்புள்ள குழுவினருக்கு,

அண்டார்க்டிகா பற்றிய கட்டுரை ஒன்றை வெள்ளிக்கிழமைக்குள் தமிழில் தர வேண்டும். ஒரு சொல்லில் நின்றுவிட்டேன். விழுந்து கிடக்கும் பனியைக் காற்று வாரியெடுத்து ஓட்டுகிறது. கண்மட்டத்துக்குக் கீழே ஓடினால் ஆங்கிலத்தில் ஒரு பெயர், அதற்கு மேல் எழுந்தால் வேறு பெயர். 2006இல் ஏவப்பட்டு 2023 வரை இயங்கிய கலிப்சோ செயற்கைக்கோளின் லைடார் (லேசர் ஒளியை அனுப்பி, அது பட்டுத் திரும்புவதைக் கொண்டு அளக்கும் கருவி) கண்டது மேலெழுந்ததை மட்டுமே. சுமார் 30 மீட்டருக்கும் மெல்லிய படலம் தரையின் எதிரொளியில் மறைந்துவிட்டது. இரண்டையும் "பனிப்புயல்" என்று எழுத மனம் வரவில்லை. மேலே மேகமே இல்லாதபோதும் இது நடக்கிறது.

~

ஐயா, "தூற்றுபனி" என்று எழுதுங்கள். களத்தில் நெல் தூற்றும்போது பதரைக் காற்று கொண்டுபோவதைப் பார்த்தவருக்கு உரை வேண்டாம். பனித்தல் என்றால் நடுங்குதல் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். நடுக்கம் தருவதால்தான் அது பனி என்பது என் துணிபு. முன்பனி, பின்பனி என்று பருவத்தையே இரண்டாகப் பகுத்தவர்கள் நாம். தரைப்பனிக்கும் எழுந்த பனிக்கும் இரண்டு சொல் காண முடியாதா?

~

தூற்றல் என்றால் எங்கள் பக்கத்தில் மழைத் தூற்றல். வானத்திலிருந்து விழுவதாகவே என் மாணவர்கள் எண்ணுவார்கள். தவிர்க்க வேண்டிய பிழையே அதுதானே? "வீசுபனி" போதும். பனி எதை வீசுகிறது என்று கேட்காதீர்கள், குடிநீர் எதையும் குடிப்பதில்லை. வினைத்தொகை அதற்கு இடம் தருகிறது. தரையோடு ஓடுவதைத் "தவழ்பனி" எனலாம். லைடார் அப்படியே இருக்கட்டும். ராடாரை நாளிதழ் வாசகர் ஏற்கவில்லையா?

~

ராடாரை ஏற்றது நம் சோர்வு. திடப்பொருள் உருகாமலே ஆவியாவதைப் பள்ளிப் பாடத்தில் "பதங்கமாதல்" என்று படிக்கிறோமே, பதங்கம் சித்த மருத்துவர் கைச்சொல். புரியாது என்று அன்று யாரும் தள்ளவில்லை. உங்கள் கட்டுரைக்கும் அச்சொல் வேண்டும்: பறக்கும் பனித்துகள் காற்றிலேயே பதங்கமாகி ஆவியாகிறது, பனிவிரிப்புக்கு அது நேரான இழப்பு. இதை ஆறு மாத இருளிலும் அளக்க முடிந்தது, லைடார் தன் ஒளியைத் தானே அனுப்பியதால். ஆகவே "ஒளித்துழாவி" என்பேன்.

~

அனைவருக்கும் நன்றி. ஐந்து பேர் வீசுபனி என்றார்கள், இருவர் தூற்றுபனி. வீசுபனி, தவழ்பனி, லைடார் என்று அனுப்பிவிட்டேன். நேரம் இல்லை.

~

அனுப்பியது சரி. ஆனால் காற்று நின்றதும் அந்தப் பனி எங்கோ படிந்து குவியுமே, அதற்கு என்ன பெயர் வைத்தீர்கள்? தூற்றுபனி என்றிருந்தால் "தூற்றுக்குவை" என்று தானே கிளைத்திருக்கும். வீசுபனியிலிருந்து ஒன்றும் கிளைக்காது. என் மறுப்பைக் குழுவின் பதிவில் வைத்துக்கொள்ளுங்கள்.