பெண்களுக்கென்று இதழ்கள் உண்டு. ஆண்களுக்கென்று ஏன் இல்லை?

கேள்வி (இதழியல் மாணவி):
தமிழ் இதழ்கள் ஆண் வாசகரையும் பெண் வாசகரையும் எவ்வாறு வெவ்வேறு வகையில் ஈர்க்கின்றன என்பதை என் ஆய்வேட்டுக்கான பொருளாக எடுத்துள்ளேன். மங்கையர் மலர், அவள் விகடன், குமுதம் சிநேகிதி என்று பெண்களுக்கான பெயர்கள் வரிசையாக நினைவுக்கு வருகின்றன. ஆனால், ஆண்களுக்கென்று வெளிப்படையாகப் பெயர் சூட்டிய இதழ் எதுவும் என் கண்ணில் படவில்லை. இதற்கு என்ன காரணம்?

கடைநிலை வாசகன்:
ஆண்களுக்கும் இதழ்கள் இருக்கின்றன. அட்டையில் அவர்களை அழைப்பதில்லை, அவ்வளவுதான். மோட்டார் விகடனும் நாணயம் விகடனும் பொருளின் பெயரைத் தாங்கி வருகின்றன. வண்டியும் பங்குச் சந்தையும் யாருக்கு என்பது சொல்லாமலே கொள்ளப்படுகிறது. பெண்ணுக்கோ சமையல், கோலம், குழந்தை வளர்ப்பு, சரும அழகு, ஆன்மிகம், சட்ட ஆலோசனை அனைத்தையும் ஒரே அட்டைக்குள் அடக்கிவிடுகிறார்கள்.

குரலிலும் வேறுபாடு உண்டு. வண்டி இதழில் நிபுணர் ஒருவர் ஓட்டிப் பார்த்து, மைலேஜையும் எஞ்சின் திறனையும் அட்டவணையிட்டு, வாங்கலாமா வேண்டாமா என்று தீர்ப்புச் சொல்கிறார். பெண்கள் இதழிலோ தோசை மாவு புளிக்காமலிருக்க ஒரு யோசனை, பேருந்தில் கண்ட ஒரு சம்பவம், பேரனின் மழலை என்று பல பக்கங்களை வாசகியரே எழுதுகிறார்கள். தம் பெயர் அச்சில் வந்த இதழை அவர்கள் பழைய பேப்பர்காரரிடம் போடுவதில்லை.

விளம்பரத் துறையில் இருந்தவன்:
விளம்பரத்தை மறந்துவிட்டீர்கள். வாசகர் தரும் விலையில் மட்டும் இதழ் ஓடுவதில்லை. தீபாவளியை ஒட்டி வரும் பெண்கள் இதழைப் புரட்டுங்கள்: பட்டுச் சேலை, நகை, மசாலாப் பொடி. வீட்டுச் செலவைத் தீர்மானிப்பவர் என்று கருதப்படுபவரை ஒரே இடத்தில் சந்திக்க விளம்பரதாரர் விரும்புகிறார். பெண்கள் இதழின் உள்ளடக்கம் அந்த விருப்பத்துக்கு ஏற்பவே பெரிதும் அமைகிறது.

பழைய இதழ்ப் பிரியை:
எப்போதும் இப்படித்தான் இருந்தது என்று எண்ணிவிட வேண்டாம். விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்ற வை.மு. கோதைநாயகி 1925-இல் பொறுப்பேற்று நடத்திய 'ஜகன்மோகினி' இதழை நிலைநிறுத்தியவை அவருடைய தொடர்கதைகளே அன்றிச் சமையல் குறிப்புகள் அல்ல. மேலும், வீட்டுக்கு வரும் இதழை எல்லோரும்தான் படிக்கிறோம். எங்கள் வீட்டில் பெண்கள் இதழின் ராசிபலனை முதலில் பார்ப்பவர் என் மாமனார்.

கடைநிலை வாசகன்:
மாணவிக்கு ஒரு யோசனை. தங்கம் போன்ற ஒரே பொருளை இருவகை இதழ்களிலும் தேடி எடுத்து, ஒன்றில் அது வருமான விகிதமாகவும் மற்றொன்றில் மகள் திருமணத்துக்கான சேமிப்பாகவும் எந்த அளவுக்குப் பேசப்படுகிறது என்று ஒப்பிடுங்கள். தலைப்புகளைவிட, கட்டுரையின் முதல் பத்தி யாரை நோக்கிப் பேசுகிறது என்பதைக் குறித்துக்கொண்டால் ஆய்வுக்கு நல்ல சான்றுகள் கிடைக்கும்.