எலெக்ட்ரிக் கார் ஓடுற ஆக்கள் ஒருக்கா சொல்லுங்கோ

வணக்கம். நான் பருத்தித்துறை. கிழமையில அஞ்சு நாள் யாழ்ப்பாணம் டவுனுக்கு வேலைக்குப் போய் வாறன், போக வர 70 கிலோமீற்றருக்குக் கிட்ட. மாசத்தில ஒருக்கா வவுனியாவில மாமி வீடு.

கையில இருக்கிற காசுக்கு ரெண்டுதான் பாத்து வச்சிருக்கிறன்: பாவிச்ச நிசான் லீஃப் 40 கிலோவாற் ஹவர் பற்றரியோட, இல்லாட்டிக் கடன்பட்டு பிவைடி டொல்பின் 44.9. டபிள்யூஎல்டிபி எண்ட ஆய்வுகூடச் சோதனைக் கணக்கில ஒருக்காச் சார்ஜ் பண்ணினா லீஃப் 270 கிலோமீற்றர், டொல்பின் 340. எங்கட வெயிலில, ஏசி போட்டு, நாலு பேரை ஏத்தினா உண்மையா எவ்வளவு ஓடுது?

லீஃபில பயம் பற்றரிதான். திரவக் குளிரூட்டல் இல்லை, காத்துத்தான் அதை ஆத்த வேணும். போன கிழமை ஒண்டு பாக்கப் போனன். டாஷ்போர்ட்டில பற்றரி எவ்வளவு தேஞ்சிருக்கு எண்டு காட்டுற 12 கட்டையும் முழுசா நிக்குது. 'லீஃப் ஸ்பை போட்டுப் பாக்கட்டோ' எண்டு கேட்டன், பற்றரியின்ர உண்மை நிலையைக் காட்டுற ஃபோன் அப் அது. 'அது ஏன் தம்பி' எண்டு விக்கிறவர் கதையை மாத்திட்டார். திரும்பி வந்திட்டன்.

டொல்பினுக்கு எல்எஃப்பி (லிதியம் இரும்பு பொஸ்பேற்) பற்றரி, சூட்டைக் கூடத் தாங்கும் எண்டு மனம் அங்கதான் சாயுது. ஆனா எங்கட கிடங்கு றோட்டுக்கு அடிப்பக்கம் தட்டாதோ? மற்றது, வவுனியாவுக்குப் போற ஏ9 றோட்டில ஆனையிறவு தாண்டினா எந்தச் சார்ஜர் ஒழுங்கா வேலை செய்யுது? லீஃபுக்குச் சாடெமோ எண்ட வகை வேகச் சார்ஜர் பிளக் வேணும். ஓடுற ஆக்கள் மட்டும் சொல்லுங்கோ, விக்கிற ஆக்கள் குறை நினைக்காதேங்கோ.