தாத்தா குரல் பதிந்த கேசட்: சென்னையில் யார் சரிசெய்வார்கள்?

மாடம்பாக்கத்தில் நெல் போட்ட எங்கள் தாத்தா போன மாதம் 93 வயதில் காலமானார். ஏரி மதகு திறப்பது, குடிமராமத்துக்கு (ஊரே சேர்ந்து ஏரி, வாய்க்காலைச் சீர்செய்வது) வீட்டுக்கு ஓர் ஆள் கூப்பிடுவது எல்லாம் அவர்தான். தன் வயல் காய்ந்தாலும் வாய்க்கால் கடைசியில் இருக்கும் கடைமடை வயலுக்குத்தான் முதல் தண்ணீர் (பாட்டி இன்றும் திட்டுவார்). இதையெல்லாம் அவரே சொல்லி 1994இல் பதிந்த டிடிகே 90 நிமிடக் கேசட் ஒன்றுதான் மிச்சம்.

நாடாவில் வெள்ளைப் பூஞ்சை. பத்து நிமிடம் ஓடும், குரல் இழுக்கும், அப்புறம் நின்றுவிடும். பென்சிலால் சுற்றினேன், ஹெட்டை ஸ்பிரிட்டால் துடைத்தேன், வேறு டேப் ரிக்கார்டரிலும் போட்டேன். ரிச்சி தெருவில் இரண்டு கடைகளில் கையை விரித்துவிட்டார்கள். அறுந்துவிடுமோ என்று இப்போது தொடுவதே இல்லை.

20ஆம் தேதி படத்திறப்பு. அதற்குள் பூஞ்சையை எடுத்து டிஜிட்டலாக மாற்றித் தருபவர் தாம்பரம் பக்கமோ நகருக்குள்ளோ யாரையாவது தெரியுமா?