பிள்ளைக்கான ஜீவனாம்சம்: சம்பாத்தியத்தைப் பார்த்துத்தான் போட வேண்டுமா? உங்கள் அனுபவம் என்ன?

திருப்பூர் டீச்சர்:

பிள்ளைக்கு ஆகிற செலவை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டால் முடிந்தது, இதில் அப்பன் வருமானம் எதற்கு என்று பஞ்சாயத்துப் பேச வந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். நான் தனியார் பள்ளியில் 18,000 வாங்குகிறேன். மகளின் அப்பா பவர் டேபிள் (மின் தையல் மெஷின்) யூனிட் வைத்து, பனியன் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் தைத்துக் கொடுக்கிறார். சனிக்கிழமை கூலி பட்டுவாடா நாளில் அவர் கையில் புரளுகிற பணத்தை நான் மாதக்கணக்கில் உழைத்தாலும் பார்க்க முடியாது. இதில் சரிபாதி என்றால் என்ன அர்த்தம்? என் சம்பளம் எதுவரை எட்டுகிறதோ அதுவரைதான் என் மகளுக்குப் படிப்பு.

சரி, வருமானத்தைப் பார்க்கட்டும் என்று கோர்ட்டுக்குப் போனால் அடுத்த கூத்து. 2020-இல் ரஜ்னேஷ் - நேஹா வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்ன பிறகு, இரண்டு தரப்பும் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் எழுதி அஃபிடவிட் போட வேண்டும். அவர் அதில் மாத வருமானம் 25,000 என்று எழுதியிருந்தார். கார் அவர் அம்மா பேரில், இடம் தம்பி பேரில். வாகனம் என்ற இடத்தில் கூசாமல் 'இல்லை'. எங்கள் வக்கீல் அதையெல்லாம் தொடவே இல்லை, பேங்க் ஸ்டேட்மென்ட்டை மட்டும் கேட்டு வாங்கினார். தையல் மெஷின் கடனுக்கு மட்டும் மாதாமாதம் 31,000 தவணை போயிருக்கிறது! ஜட்ஜம்மா அந்த வரியில் பேனாவை வைத்துக்கொண்டு, "வருமானமே 25-தான்னா மீதி ஆறாயிரம் எங்கிருந்துங்க வருது?" என்று கேட்டார். "அம்மா குடுக்கறாங்கங்க." "அம்மாவுக்கு என்ன வருமானம்?" அதற்குப் பதில் இல்லை. மகளுக்கு இடைக்காலமாக 12,000 போட்டார்கள், அதுவும் மனுப் போட்ட தேதியிலிருந்து.

ஓஎம்ஆர் அப்பா:

டீச்சர், உங்கள் கதையைப் படித்துக் கோபம்தான் வருகிறது, ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. யூனிட் வைத்திருப்பவர் மறைக்கலாம், என்னைப் போல மாதச் சம்பளக்காரன் எங்கே மறைப்பது, எல்லாம் பே ஸ்லிப்பில் பல்லிளிக்கிறது. எனக்குக் கைக்கு 72,000 வருகிறது. மகனின் அம்மா என்னைவிட அதிகம், 1,08,000. ஆனால் மனுவில் என் சம்பளத்தைப் பற்றி மட்டும் ஒரு பக்கம், அவருடையதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

2000-ஆம் வருடமே பத்மஜா சர்மா வழக்கில், அப்பா அம்மா இருவருமே சம்பாதித்தால் அவரவர் வருமானத்துக்கு ஏற்ற விகிதத்தில் தாங்க வேண்டும் என்று தீர்ப்பு இருக்கிறது. அங்கே அப்பாவுக்கு ஏறக்குறைய இரு மடங்கு சம்பளம் என்பதால் இரண்டு பங்கு அவர், ஒரு பங்கு அம்மா. அதைக் காட்டித்தான் எங்கள் வக்கீல் வாதாடினார். பள்ளிக் கட்டணம், வேன், மகனின் ஆஸ்துமா மருந்து எல்லாவற்றையும் கூட்டி, நான் 40 சதவீதம், அவர் 60 என்று முடிந்தது. வருமானம் பார்க்கட்டும், தாராளமாகப் பார்க்கட்டும், இரண்டு பேருடையதையும் பார்க்கட்டும் என்பதுதான் என் கட்சி.

அப்புறம் ஒரு விஷயம். பி.எஃப்.-இல் கூடுதலாகப் போட்டுக்கொள், ஒரு பெர்சனல் லோன் எடு, கைக்கு வருவது குறையும் என்று ஆபீஸில் ஒரு மகானுபாவர் யோசனை சொன்னார். கட்டாயப் பிடித்தத்தைத்தான் கோர்ட் கழிக்கும், நாமாக இழுத்துவிட்டுக்கொண்டதை அல்ல. யாரும் இதை நம்பிக் கடன் வாங்க வேண்டாம்.

நாமக்கல்காரி:

நான் பெற்றவள் இல்லை, ஜீவனாம்சத்தில் வளர்ந்த பிள்ளை. எங்கள் அப்பாவுக்கு அப்போதே லாரி இரண்டு ஓடியது. அம்மா கேஸ் போட்டது தொண்ணூறுகளில். அந்தக் காலத்தில் ஜீவனாம்சத்துக்கான குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125-ஆவது பிரிவில் ஓர் ஆளுக்கு மாதம் 500 ரூபாய்தான் உச்சவரம்பு, 2001-இல்தான் அதை எடுத்தார்கள். அப்பன் லாரி ஓனரோ ஜவுளிக்கடை முதலாளியோ, பிள்ளைக்கு 500-ஐத் தாண்டாது. எங்களுக்கு அதுகூட முழுசாக வரவில்லை, எனக்கு 200, தம்பிக்கு 200. வருமானத்தைப் பார்க்க வேண்டாம் என்பவர்கள் இதைத்தான் கேட்கிறார்கள் என்று எனக்குத் தோன்றும். தம்பிக்கு 18 முடிந்ததும் அதுவும் நின்றது. அவன் அப்போது பாலிடெக்னிக் இரண்டாம் வருடம்.

பெயர் வேண்டாம்:

நீங்கள் எல்லோரும் ஆயிரக்கணக்கில் பேசுகிறீர்கள். என் வீட்டுக்காரர் கட்டட வேலை, செண்ட்ரிங். வேலையே இல்லை, வருமானமே இல்லை என்று கோர்ட்டில் சொன்னார். உடம்பில் தெம்பு இருக்கிற ஆள் கூலி வேலை செய்தாவது பெண்டாட்டி பிள்ளையைக் காப்பாற்ற வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டே 2022-இல் சொல்லியிருக்கிறதாம், எங்கள் இலவச சட்ட உதவி வக்கீல் அதைப் படித்துக் காட்டினார். மாதம் 3,000 என்று உத்தரவு. வருவது சில மாதம் ஆயிரம், சில மாதம் ஒன்றுமில்லை. நிறைவேற்று மனுப் போடலாம், கட்டாத ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை உள்ளே வைக்கலாம், வைத்தாலும் பாக்கி தள்ளுபடி ஆகாது என்கிறார்கள். உள்ளே போனால் அந்த ஆயிரத்துக்கும் கூலி ஏது? ஆனாலும் விட மனசில்லை. ஒரு வருடத்துக்குள் போடாவிட்டால் பழைய பாக்கிக்கு வாரண்ட் கேட்க முடியாதாம், அதற்காகப் போட்டு வைத்திருக்கிறேன்.

திருப்பூர் டீச்சர்:

தங்கச்சி, போட்டது நல்லது, விடாதே. வாங்கிய ஆயிரத்தையும் தேதி போட்டு எழுதி வை, பின்னால் "எல்லாம் கையில கொடுத்துட்டேன்" என்பார்கள்.

ஓஎம்ஆர் சார், இரண்டு பேர் வருமானமும் என்பதில் எனக்குச் சண்டை இல்லை. என் 18,000-ஐ நானும் அஃபிடவிட்டில் எழுதித்தான் கொடுத்தேன். ஆனால் உங்களுக்கு நாளைக்கு வேலை போனால் தானாகத் தொகை குறையாது, மாற்றக் கேட்டுத் தனி மனுப் போட வேண்டும். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 127-ஆவது பிரிவு, இப்போது அதற்குப் பதில் வந்த புதிய சட்டத்தில் 146. அதே பிரிவில்தான் மகள் ஒன்பதாம் வகுப்புக்குப் போகும்போது நானும் கூட்டிக் கேட்கப் போகிறேன். அதற்குள் அவர் இன்னொரு யூனிட்டை யார் பேரில் ஆரம்பிக்கிறார் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.