கலைச்சொல் உதவி: மர இறக்கையில் 'கம்ப்ரெஷன் ஃபெயிலியர்'

அனைவருக்கும் வணக்கம். மர இறக்கை வைத்த சிறு விமானங்களைப் பரிசோதிப்பது பற்றிய பயிற்சிக் கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன், திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. 'கம்ப்ரெஷன் ஃபெயிலியர்' என்ற இடத்தில் மாட்டிக்கொண்டேன்.

இறக்கைக்குள் நீளவாக்கில் ஓடும் ஸ்பார் கட்டைக்கு 'உத்திரம்' என்று போட்டிருக்கிறேன். பறக்கும்போது இறக்கை மேல்நோக்கி வளைந்தால் உத்திரத்தின் அடிப்புறம் இழுபடும், மேற்புறம் அமுங்கும். நார்வாக்கில் இழுவையை மரம் நன்றாகத் தாங்கும், அமுக்கத்தை ஏறக்குறைய அதில் பாதிதான் தாங்கும். அதனால் மேற்புற நார்கள் முதலில் மடிந்து, நாருக்குக் குறுக்கே மயிரிழை மாதிரி ஒரு கோடு விழும். கட்டை முழுசாகத்தான் இருக்கும். நேராகப் பார்த்தால் தெரியாது, டார்ச்சைச் சாய்த்து அடித்தால் தெரியலாம். இறக்கை நுனி தரையில் இடித்த விமானம் என்றால் இந்தக் கோட்டைத்தான் தேடச் சொல்கிறார்கள். 'அமுக்க முறிவு' என்று எழுதினால் படிக்கும் பையன் இரண்டு துண்டான கட்டையை அல்லவா தேடுவான்?

———

ஐயா, சொல் ஏற்கெனவே வள்ளுவரிடம் இருக்கிறது. 'பீலிபெய் சாகாடும் அச்சிறும்' (475). மயிற்பீலிதான், ஆனாலும் அளவுக்கு மிஞ்சி ஏற்றினால் அச்சு இறும். மிகைச் சுமையால் கட்டுமானம் கெடுவதற்கு இதைவிடத் துல்லியமான வினை வேண்டுமா? இறு, இறல். ஆகவே 'அமுக்கிறல்'. கூடவே ஒன்று: இறகு, இறக்கை இரண்டும் இதே 'இறு' அடியில் பிறந்தவையாக இருக்கலாம், உதிர்வது என்ற பொருளில்.

———

> இறகு, இறக்கை இரண்டும் இதே 'இறு' அடியில்

இல்லை ஐயா. சிறகுதான் மூலம், முதல் சகரம் கெட்டு இறகு ஆனது. சிப்பி இப்பி ஆகவில்லையா? அது கிடக்கட்டும். அமுக்கிறல் என்று கையேட்டில் போட்டால் மெக்கானிக் அதை ஏதோ மருந்துப் பெயர் என்று நினைப்பார். 'கம்ப்ரெஷன் கிராக்' என்றே எழுதுங்கள், புரியும். உயிர் சம்பந்தப்பட்ட கையேட்டில் தூய்மைக்கு இரண்டாம் இடம்தான்.

———

கிராக் என்றாலும் தப்பாகத்தானே போகும் தம்பி? விரிசல் வாய் திறக்கும். இது வாய் மூடிக்கொண்டு உட்காரும், அதுதானே ஆபத்தே. அடுத்த முறை அந்த இடம் இழுபடும்போது, ஏற்கெனவே மடிந்த நார் பலம் காட்டாமல் பட்டென்று விட்டுவிடும்.

என் ஓட்டு 'நெரிவு'. கழுத்தை நெரிக்கிறோம், கூட்டம் நெரிகிறது. எல்லாமே அமுங்கிக் கெடுவதுதான். நெரிப்பு என்றால் பிறவினை, அதனால் நெரிவு. 'அமுக்க நெரிவு' என்று நீட்டக்கூடத் தேவையில்லை, நெரிவுக்குள்ளேயே அமுக்கம் இருக்கிறது.

———

நெரிவை அச்சுக்கோப்பவர் 'நெறிவு' ஆக்கிவிடுவார், பந்தயம் கட்டுகிறேன். அப்புறம், பசை விட்டுப்போவதை இதோடு கலக்காதீர்கள். 1931 மார்ச் 31 அன்று கான்சஸில் விழுந்த ஃபாக்கர் எஃப்-10இல் எட்டுப் பேர் இறந்தார்கள். மர இறக்கைக்குள் ஈரம் இறங்கிப் பசைப் பிடிப்பு போனதைத்தான் காரணமாகச் சொல்கிறார்கள். ஹெய்ங்கெல் 162 என்ற ஜெர்மன் ஜெட்டின் முதல் மாதிரி 1944 டிசம்பர் 10 அன்று அதிகாரிகள் கண்ணெதிரிலேயே இறக்கை பிய்ந்து விழுந்தது. அங்கே மாற்றாக வந்த பசையில் இருந்த அமிலம் மரத்தையே தின்றிருந்தது. இதற்கெல்லாம் 'இற்றுப்போதல்' என்று நாமே வீட்டில் சொல்கிறோமே, பலகை இத்துப்போச்சு என்று. வள்ளுவரின் இறு அங்கே உயிரோடுதான் இருக்கிறது, அமுக்கிறலைவிட நல்ல கோலத்தில். ஒட்டுப்பலகை அடுக்கடுக்காகக் கழன்றால் 'ஏடு பிரிதல்'.

———

ஏடு பிரிதல் அருமை, எடுத்துக்கொண்டேன். இற்றுப்போதலும் சரி. மற்றதற்கு 'அமுக்க நெரிவு' என்று போட்டு, முதல் இடத்தில் மட்டும் பக்கத்தில் கம்ப்ரெஷன் ஃபெயிலியர் என்று தமிழ் எழுத்திலேயே கொடுக்கிறேன். 'அமுக்க' மிகை என்று அம்மா சொன்னது நியாயம்தான், ஆனால் வெறும் நெரிவு என்றால் பாதிப் பேர் போக்குவரத்தை நினைப்பார்கள். றகரம் வராமல் மெய்ப்பை நானே பார்க்கிறேன்.

———

நெரிவு என்பது விளைவு, இறல் என்பது கேடு. இரண்டும் ஒன்றல்ல. பெரும்பான்மை முடிவு செய்தால் இலக்கணம் மாறிவிடாது. என் எதிர்ப்பைப் பதிவு செய்கிறேன்.

———

எல்லாம் சரி, 'உத்திரம்' பற்றி யாரும் வாயே திறக்கவில்லையே? உத்திரம் இரண்டு பக்கமும் சுவரில் படுத்திருப்பது, பாரம் ஏறினால் கீழ்நோக்கி வளையும், நடுவில். முட்டுக்கால் இல்லாத இறக்கையில் ஸ்பாருக்கு ஒரு முனையில்தான் பிடிப்பு, வளைவதோ மேல்நோக்கி. உத்திரம் என்று படித்தவன் நெரிவை நடுவில் போய்த் தேடுவான், அடிமுனைப் பக்கம் பார்க்கமாட்டான். 'நெடுந்தாங்கி' என்று மாற்ற இன்னும் நேரம் இருக்கிறதா?